கெஸ்ட்ரல் உண்மையிலேயே பாதியாகிவிட்டதா?

கேட்டவர் புள்ளியியல் படிக்கும் மாணவி. வகுப்பு வேலைக்காக வட அமெரிக்க இரைகொல்லிப் பறவைகளின் ஐம்பதாண்டு எண்ணிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு குழம்பிப்போயிருக்கிறார். "டிடிடி பூச்சிமருந்தைத் தடை செய்ததும் கழுகு, பைரி (பெரெக்ரின் வல்லூறு) எல்லாம் மீண்டு வந்துவிட்டன என்று படிக்கிறேன். அமெரிக்கக் கெஸ்ட்ரலின் கோடு மட்டும் கீழேயே போகிறது. தரவில் தவறா, பறவைக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா?" இதுதான் அவர் கேள்வி.

தரவில் தவறு இல்லை. பறவை குறைந்துதான் இருக்கிறது. ஏன் குறைந்தது என்று கேட்டால் மட்டும் ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். நான் பென்சில்வேனியாவில் இருபது வருடமாக இருக்கிறேன். அதில் பாதிக் காலம், வசந்தம் வந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு கெஸ்ட்ரல் கூடுப்பெட்டிகளைப் பார்க்கப் போகிற ஆள். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் பறவை. மைனாவை விடப் பெரிதில்லை, எடை நூறு கிராமைச் சுற்றித்தான். வட அமெரிக்காவின் வல்லூறு வகைகளில் இதுதான் பொடி. ஆணுக்குச் செம்மண் நிற முதுகும் சாம்பல் கலந்த நீல இறக்கையும் இருக்கும். பெண்ணுக்கு மேலெல்லாம் பழுப்பு வரி. கன்னத்தில் மீசை மாதிரி கறுப்புக் கோடுகள். பிடரியில் கண் போல இரண்டு கறுப்புப் புள்ளி. பின்னாலிருந்து வருபவனை இன்னும் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். வெட்டுக்கிளி, தும்பி, வயலெலி, சிறு குருவி, ஓணான் என்று கிடைத்ததைத் தின்னும். குளிர்காலத்தில் நம்மூர் வயல்வெளிக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும் கெஸ்ட்ரலைப் பார்த்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் அந்த நினைப்புதான் வரும். பெயரும் பிழைப்பும் ஒன்றே தவிர, மரபணுவில் இரண்டும் அவ்வளவு நெருங்கிய சொந்தம் இல்லை. இன்னொன்று, பழைய பதிவேடுகளில் இதற்கு 'ஸ்பேரோ ஹாக்' என்று பெயர். நீங்கள் பழைய தரவைத் தேடினால் அந்தப் பெயரிலும் தேடுங்கள். இல்லையென்றால் பல ஆண்டுகள் வெற்றிடமாகத் தெரியும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். நீங்கள் எடுத்திருப்பது இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு. சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் 1966இல் தொடங்கி வைத்தது. பெரும்பாலும் ஜூன் மாதத்தில், சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு சாலையில் கிளம்ப வேண்டும். மொத்தம் 39.4 கிலோமீட்டர். 800 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி, 3 நிமிடம் பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும். இப்படி 50 நிறுத்தம். அடுத்த வருடமும் அதே சாலை, அதே இடங்கள். எண்ணுபவர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள்.

இந்த முறை பாடும் பறவைகளுக்காக வடிவமைத்தது. பருந்து, வல்லூறு எல்லாம் அதிகாலையில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பதில்லை. அதனால் பல இரைகொல்லிகளுக்கு இந்தக் கணக்கு பலவீனமானது. கெஸ்ட்ரல் ஓரளவு விதிவிலக்கு, ஏனென்றால் அது சாலையோர மின்கம்பியில் உட்காரும். கோபம் வந்தால் 'கில்லி கில்லி கில்லி' என்று கத்தும். எண்ணுபவர் கண்ணில் படுகிற ஜாதி.

அந்தக் கணக்குப்படி 1966க்குப் பிறகு கெஸ்ட்ரல் ஏறக்குறைய பாதியாகியிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 1.4 சதவீதம் சரிவு. இந்த எண்ணைக் கொஞ்சம் மெல்ல அசைபோடுங்கள். ஒரு மாவட்டத்தில் 100 ஜோடி இருந்தால் அடுத்த வருடம் 98 அல்லது 99. யாருக்கு வித்தியாசம் தெரியும்? பத்து வருடம் கழித்து 87. அப்போதும் "இந்த வருடம் மழை ஜாஸ்தி" என்று சொல்லிவிடலாம். ஐம்பது வருடத்தில் 49. நான் பெட்டி பார்க்கும் பண்ணைகளில் ஒன்றின் முதியவர், தான் சிறுவனாக இருந்தபோது பள்ளிக்குப் போகும் வழியில் கம்பிக்குக் கம்பி இந்தப் பறவை இருந்ததாகச் சொல்வார். அவர் பேரனுக்குக் கெஸ்ட்ரல் என்பது வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கிற பறவை. அவனுக்கு அதுதான் இயல்பு.

ஒரே கணக்கை நம்பிப் பாதி என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மற்ற கணக்குகள் வேண்டும். எனக்குப் பிடித்தது ஹாக் மவுண்டன். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அந்த மலைமுகட்டை ஒட்டி இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கில் இரைகொல்லிகள் தெற்கே வலசை போகும். ஒரு காலத்தில் துப்பாக்கிக்காரர்கள் பொழுதுபோக்காக அங்கே நின்று சுட்டுத் தள்ளினார்கள். 1929இல் பென்சில்வேனியா அரசே காஸ்ஹாக் என்ற வேட்டைப் பறவை ஒன்றுக்கு 5 டாலர் சன்மானம் அறிவித்திருந்த காலம் அது. ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934இல் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்துச் சரணாலயமாக்கினார். அன்று காவலுக்குப் போன மாரிஸ் பிரவுன் எண்ணத் தொடங்கினார். உலகப் போர்க் காலத்துச் சிறு இடைவெளி தவிர எண்ணிக்கை இன்றும் ஓடுகிறது.

அந்தப் பதிவேட்டின் மதிப்பு என்னவென்று ஒரு உதாரணம் சொல்கிறேன். 1935–39இல் பிரவுன் பார்த்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955–59இல் அது 20 சதவீதம். 1957இல் 32 பெரிய கழுகுக்கு ஒரே ஒரு இளங்கழுகு. மொத்த எண்ணிக்கையைப் பார்த்தவருக்கு இது பிடிபட்டிருக்காது. கிழக் கழுகுகள் பறந்துகொண்டுதான் இருந்தன, குஞ்சுதான் இல்லை. ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளர் 1962இல் டிடிடிக்கு எதிராக எழுதியபோது இந்தக் கணக்கைத்தான் எடுத்து வைத்தார். மொத்தத்தை மட்டும் பார்க்காமல் வயதையும் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

சரி, கழுகு மீண்ட கதை உண்மையா? உண்மை. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களில் 1963இல் 417 ஜோடி வெண்தலைக் கழுகுகள்தான் கூடு கட்டின. 1972இல் டிடிடி தடை. 2018, 2019 கணக்கெடுப்பை வைத்து அரசு வெளியிட்ட மதிப்பீடு 3,16,700 கழுகுகள். பைரியை 1999இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். விரால் அடிப்பானும் நன்றாகவே மீண்டது. இந்த மூன்றுக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. கழுகும் விரால் அடிப்பானும் மீன் தின்னும். பைரி பறவை தின்னும். உணவுச் சங்கிலியில் மேலே ஏற ஏற நஞ்சு சேரும்; முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே நொறுங்கும்.

வேடிக்கை என்னவென்றால், டிடிடி முட்டை ஓட்டை மெலியவைக்கிறது என்பதைக் கூண்டுச் சோதனையில் நிரூபிக்க உதவியதே கெஸ்ட்ரல்தான். மேரிலாந்தின் பட்டக்ஸன்ட் ஆய்வு மையத்தில் போர்ட்டரும் வைமையரும் டிடிடியும் டீல்ட்ரின் என்ற இன்னொரு பூச்சிமருந்தும் கலந்த தீனியைக் கெஸ்ட்ரலுக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவை 1969இல் வெளியிட்டார்கள். ஆனால் காட்டில் இருந்த கெஸ்ட்ரல் பைரி அளவுக்கு அடிபடவில்லை. வெட்டுக்கிளியும் எலியும் தின்பதால் சங்கிலியில் அது கீழ்ப்படி. டிடிடியால் பெரிதாக விழாத பறவை டிடிடி போனதும் எழவேண்டிய அவசியம் இல்லை. உங்கள் குழப்பத்தில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி கடினம். ஒரே குற்றவாளி இருக்கும் வழக்குகள் எப்படி இருக்கும் தெரியுமா? நம் வெண்முதுகுப் பாறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் 99.9 சதவீதம் போய்விட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று லிண்ட்சே ஓக்ஸும் அவர் குழுவும் பாகிஸ்தானில் கண்டுபிடித்து 2004இல் வெளியிட்டார்கள். 2006இல் கால்நடைக்கு அதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்தது. அல்லது ஸ்வெய்ன்சன் பருந்து. 1995–96இல் அது குளிர்காலத்தைக் கழிக்கும் அர்ஜென்டினாவின் பாம்பாஸ் வயல்களில், வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டபாஸ் மருந்தால் சுமார் 20,000 பருந்துகள் செத்ததாக மதிப்பிட்டார்கள். நம் பருத்தி விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த அதே மருந்து. இரண்டு வழக்கிலும் பிணம் கிடைத்தது, பிணத்தில் நஞ்சு கிடைத்தது. பாறு வழக்கைத் துப்புத் துலக்கிய ஆய்வுக்குத் துணை நின்ற பெரெக்ரின் ஃபண்ட் அமைப்புதான் இப்போது கெஸ்ட்ரல் வழக்கையும் கையில் எடுத்திருக்கிறது. இங்கே பிணம் இல்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வராமல் போகிறது, அவ்வளவுதான்.

ஆளுக்கொரு சந்தேகம். அதிகம் அடிபடும் பெயர் கூப்பர் ஹாக். நம்மூர் வைரியைப் போல, மரத்துக்குள் பதுங்கி நின்று பறவையைப் பாய்ந்து பிடிக்கும். டிடிடிக்குப் பின் பெருகி, இப்போது புறநகர்த் தோட்டங்களில்கூடக் கூடு கட்டுகிறது. கெஸ்ட்ரலை அது தின்னும் என்பதில் சந்தேகம் இல்லை. பெட்டிக்குக் கீழே நீல இறக்கை இறகுகள் சிதறிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒன்று ஏற, ஒன்று இறங்க, இரண்டு கோட்டையும் ஒரே படத்தில் வைத்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் ஸ்மால்வுட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2009இல் எட்டுக் கூடுப்பெட்டித் திட்டங்களின் நீண்டகாலப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கூப்பர் ஹாக் எட்டிக்கூடப் பார்க்காத வடமேற்குக் கனடாவின் யூகானிலும் சரிவு இருந்தது. கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் அடுத்த சந்தேகம். அது நியூயார்க்கில் தலைகாட்டியது 1999இல். சரிவு அதற்கு முன்பே பல இடங்களில் தொடங்கிவிட்டது. தொற்று வந்து பிழைத்த கெஸ்ட்ரல்களும் நிறைய. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தது. முக்கியக் காரணம் இவை இரண்டும் இல்லை என்றுதான் அந்தக் கட்டுரை முடித்தது.

ஸ்டார்லிங் மீது பழி போடுபவர்களும் உண்டு. நம் மைனாவின் ஒன்றுவிட்ட சொந்தம் அது. 1890இல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் விட்டார்கள், கண்டம் முழுக்கப் பரவியது. கெஸ்ட்ரல் தானாகப் பொந்து குடையாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்துதான் வேண்டும். அதே பொந்துக்கு ஸ்டார்லிங்கும் வரும். பெட்டி பார்க்கிற எங்களுக்கு இது அன்றாடத் தலைவலி. திறந்தால் வாய்வரை வைக்கோல் திணித்து, நடுவில் வெளிர்நீல முட்டை இருந்தால் ஸ்டார்லிங். கெஸ்ட்ரல் ஒரு துரும்பைக்கூடக் கொண்டுவராது. நாங்கள் போட்டுவைத்த மரச்சீவல் மேலேயே முட்டையிடும். ஆனால் இங்கேயும் கணக்கு இடிக்கிறது. வட அமெரிக்காவில் ஸ்டார்லிங்கும் 1970க்குப் பின் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. போட்டியாளனும் சரிகிறான் என்றால் போட்டி மட்டும் எப்படிக் காரணமாகும்?

எலிமருந்தை நான் அவ்வளவு சுலபமாக விடமாட்டேன். ரத்தம் உறையாமல் செய்யும் டைஃபாசினோனை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில், வழக்கமாக நச்சுச் சோதனைக்கு எடுக்கும் காடை, வாத்து ஆகியவற்றை விடக் கெஸ்ட்ரல் பல மடங்கு எளிதில் பாதிக்கப்பட்டது. அதாவது காடைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி உரிமம் கொடுத்த அளவு இதற்கு ஆபத்தாக இருக்கலாம். விதையிலேயே பூசி வரும் நியோனிகோட்டினாய்டு பூச்சிமருந்து தீனியையே குறைக்கிறதா என்பதும் நியாயமான கேள்விதான். 2019இல் வெளிவந்த பெரிய மதிப்பீடு ஒன்று 1970க்குப் பின் வட அமெரிக்கா 290 கோடிப் பறவைகளை இழந்திருப்பதாகச் சொன்னது. அதில் இரைகொல்லிகள் ஒரு குழுவாக ஏறியிருந்தன. புல்வெளிப் பறவைகள் 53 சதவீதம் இறங்கியிருந்தன. கெஸ்ட்ரல் பெயரளவில் இரைகொல்லி, பிழைப்பில் புல்வெளிப் பறவை. அதன் கோடு கழுகோடு சேராமல் புல்வெளிக் குருவிகளோடு சேர்ந்து இறங்குவது அதனால்தானோ என்று எனக்குத் தோன்றும்.

பருவநிலை விஷயத்தில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. குளிர்காலம் இதமானால் பறவை அவ்வளவு தெற்கே போவதில்லை. மேற்கு மாநிலங்களின் காலில் வளையமிட்ட பறவைப் பதிவுகளில் கெஸ்ட்ரலின் வலசைத் தூரம் குறைந்திருப்பது தெரிகிறது. அப்படியானால் மலைமுகட்டில் எண்ணிக்கை குறைந்தால் பறவை செத்துவிட்டது என்றே அர்த்தம் இல்லை. வடக்கே எங்கோ கம்பியில் சுகமாக உட்கார்ந்திருக்கலாம். ஹாக் மவுண்டன் எண்ணை மட்டும் வைத்து ஓலமிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதற்காக எல்லாவற்றையும் இதில் கழித்துவிடவும் முடியாது. ஜூன் மாதச் சாலைக் கணக்கில் வலசைத் தூரத்துக்கு வேலையே இல்லை, அதிலும் சரிவு இருக்கிறது.

இன்னொன்று காலப் பொருத்தம். மேற்கே ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி பக்கம் கெஸ்ட்ரல்கள் முன்பைவிடச் சீக்கிரம் முட்டையிடுகின்றன. ஏன் என்று தேடியவர்கள் கடைசியில் விவசாயிகளிடம் போய் நின்றார்கள். குளிர்காலம் இதமாக இருந்தால் அவர்கள் சீக்கிரம் விதைக்கிறார்கள். பாசன வயல் சீக்கிரம் பச்சை கட்டுகிறது, பூச்சியும் எலியும் சீக்கிரம் வருகின்றன, பறவை அதற்கேற்ப நகர்கிறது. அங்கே தப்பித்துக்கொண்டது. வடகிழக்கில் வசந்தம் முந்திக்கொள்ள, கூடு பிந்திப்போனால் குஞ்சு குறைகிறது. ஒரே பறவை, ஒரே வெப்பம், இரண்டு ஊரில் இரண்டு கதை. கண்டம் முழுமைக்கும் ஒற்றைக் கோடு போடுவதில் உள்ள சிக்கல் இதுதான். நியூ இங்கிலாந்திலும் அட்லாண்டிக் கரையோர மாநிலங்களிலும் சரிவு கடுமை. நியூ ஜெர்சி 2012இல் இதை ஆபத்துக்குள்ளான இனமாக அறிவித்தது. ஃபுளோரிடாவில் வலசை போகாத உள்ளூர் துணையினம் ஒன்று, நெட்டிலைப் பைன் காடுகளை வெட்டியதும் பட்டுப்போன மரங்களும் பொந்துகளும் இல்லாமல் சரிந்தது. அங்கே காரணம் ஓரளவு தெளிவு.

தொடக்கப் புள்ளியையும் கேள்வி கேளுங்கள். 1966 என்பது கணக்கு தொடங்கிய ஆண்டு. பறவையின் இயல்பு நிலை என்று யாரும் முத்திரை குத்தித் தரவில்லை. ஐரோப்பியர் வந்து கிழக்குக் கரைக் காடுகளை அழித்து மேய்ச்சல் நிலமாக்கியதில் கெஸ்ட்ரலுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. திறந்த வெளி பெருகியது. பிறகு பண்ணைகளைக் கைவிட்டார்கள், காடு திரும்ப வளர்ந்தது. அந்த அளவுக்குச் சரிவு என்பது முன்பு ஏறியது இறங்குவதுதான். ஆனால் பண்ணையே காடாக மாறாத சமவெளிகளிலும் குறைகிறதே என்று கேட்டால், இந்த வாதமும் பாதியில் நின்றுவிடும். பறவை அழிந்துபோகும் நிலையிலும் இல்லை. இரு அமெரிக்கக் கண்டங்களிலும் லட்சக்கணக்கில் இருக்கிறது.

என் கணிப்பைக் கேட்டால், கூட்டில் அல்ல, கூட்டை விட்டுப் பறந்த பிறகுதான் இழப்பு. மே கடைசியில் நான் ஏணியில் ஏறிப் பக்கவாட்டுக் கதவைத் திறக்கும்போது முதலில் வருவது வாடை, அம்மோனியா நெடி. குஞ்சுகள் வாலைத் தூக்கிச் சுவரில்தான் பீய்ச்சியடிக்கும். உள்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை கட்டியிருக்கும். நாலைந்து குஞ்சுகள் மூலையில் மல்லாந்து கால் நகத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டு கத்தும். குடியேறிய பெட்டிகளில் இந்தக் காட்சி மாறவே இல்லை. முட்டையும் குறையவில்லை, குஞ்சும் கொழுகொழுவென்றுதான் இருக்கிறது. மாறியது குடியேறும் பெட்டிகளின் எண்ணிக்கை. ஸ்மால்வுட் சேர்த்த பதிவுகளிலும் விழுந்தது இதுதான். போன வருடம் நல்லபடியாகப் பறந்துபோன குஞ்சுகள் இந்த வருடம் துணையோடு திரும்பவில்லை என்றால், நடுவில் உள்ள பத்து மாதத்தில் எங்கோ ஓட்டை. கோடையின் கடைசியிலா, குளிர்காலத்திலா, எந்த ஊர் வயலில் என்பதற்கு இன்னும் பிணம் கிடைக்கவில்லை. சிறிய பறவையின் முதுகில் ஏற்றக்கூடிய மெல்லிய கருவிகள் இப்போதுதான் வந்திருக்கின்றன. பதில் வந்தால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வகுப்பு வேலைக்கு: கண்டக் கோட்டை விட்டுவிட்டு, வடகிழக்கு ஒன்றும் மேற்கு ஒன்றுமாகப் பிரித்து வரையுங்கள். ஜூன் சாலைக் கணக்கோடு, 1900 முதல் நடந்துவரும் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். வடக்கே குளிர்காலத்தில் கூடியிருந்தால் வலசைக் குறைவு எவ்வளவு என்று தெரியும். கூப்பர் ஹாக் கோட்டைச் சேர்த்துப் போட்டு ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டு முடித்துவிடாதீர்கள். ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். பெட்டித் தரவு கிடைத்தால் காலிப் பெட்டிகளையும் சேர்த்தே வாங்குங்கள். நிறையத் தன்னார்வலர்கள் குஞ்சு இருந்தால் நாலு வரி எழுதுவார்கள், காலியாக இருந்தால் எழுதவே மாட்டார்கள். என் பழைய நோட்டுகளிலும் அந்தத் தப்பு இருக்கிறது. இப்போதெல்லாம் ஏணியை மடக்கி வண்டியில் வைப்பதற்கு முன் தேதி, நேரம், பெட்டி எண், பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.